கடைசி பெஞ்சிலிருந்து தெரிந்த படம்

“முதல்ல சொன்னதா, இப்ப சொல்றதா?”

“அப்பா, நான் கண்ணாடி போட வரலை. பள்ளிக்கூடத்துல சேரப் போறேன்.”

“எதுவா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான். பெரிய பள்ளிக்கூடமா, செங்கல் பள்ளிக்கூடமா?”

“செங்கல்.”

“லேப் பெரிசா இருக்கிறதா, லைப்ரரி பெரிசா இருக்கிறதா?”

“லைப்ரரி.”

“நடந்து போறதா, பஸ் ஏறிப் போறதா?”

“பஸ்ஸுன்னா அது செங்கல் பள்ளிக்கூடம்தானே? பேரை மாத்தி அதையே கேட்டா எனக்குத் தெரியாதாக்கும்!”

“பாத்தியா மாப்ள?” என்று என் கணவர் என் தம்பியின் பக்கம் திரும்பினார். “வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளா இருந்தா இந்நேரம் மாட்டியிருப்பா.”

மூக்குக் கண்ணாடியின் ஆணி கழன்றுவிட்டது என்று வந்த என் தம்பி, அதை மாட்டிக் கொடுத்த பிறகும் கடையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பிள்ளைகள் இருவரும் பெரிய பள்ளியில் அறிவியல் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் வாசலில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் முகங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். அந்த வரிசையில் தன் மகனின் முகமும் வரும் என்று என் தம்பி அந்தப் படத்துக்காக இப்போதே சட்டை எடுத்து வைத்திருக்கிறான்.

“அத்தான், விளையாட்டெல்லாம் சரி. வரலாறும் இலக்கியமும் படிச்சு இவ என்ன பண்ணப் போறா? செத்துப் போனவங்க கதையைப் படிச்சா உயிரோட இருக்கிறவ எப்படிப் பொழைப்பா?”

“மாமா, நேத்து நீங்களும் அத்தையும் போட்ட சண்டையில எந்த வருஷத்துக் கதையெல்லாம் வெளிய வந்துச்சு?” என்றாள் மகள். “அதுக்கு என்ன பேரு? அதுவும் வரலாறுதானே?”

“வாயைப் பாரு! இவளுக்கு வக்கீலம்மான்னு பேரு வெச்சது தப்பே இல்ல.”

அவளை நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவோம். என் கணவருக்கு அதில் ஏகப்பெருமை. கண்களைச் சோதிப்பது அவர் வேலை. அவர் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு வில்லைகளைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. கடை ஒரே நீளமான அறை. முன்னால் கண்ணாடிப் பெட்டிகள், நடுவில் சோதனை நாற்காலி, திரைக்குப் பின்னால் என்னுடைய தேய்ப்பு இயந்திரம். நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் விளக்குப் பெட்டிக்குள் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சிறிது.

வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுவா, முன்னாடி போட்டதா?” என்று கேட்பதில் அவருக்கு ஒரு தந்திரம் உண்டு. நடுவில் ஒருமுறை வில்லையை வெளியே எடுத்து, துடைத்து, அதையே திரும்பப் போடுவார். “ஆகா, இது இன்னும் பளிச்சுன்னு இருக்கே” என்று சொல்கிறவரை அதற்குப் பிறகு நம்பமாட்டார். “என்னங்க, ரெண்டும் ஒண்ணுதானே?” என்று முறைப்பவர்தான் அவருக்குப் பிடித்த வாடிக்கையாளர்.

“மாப்ள, ஒரு ஆளு வாசப்படி ஏறி வர்றதைப் பாத்தே அவருக்குக் கிட்டப் பார்வையா தூரப் பார்வையான்னு சொல்லிடுவேன். தலையும் அப்படித்தான். இவ தலை புத்தகத்துக்குன்னே உண்டானது. கணக்கு ஏறாது. ஏறாததைத் திணிச்சா, தப்பான பவர் கண்ணாடியைக் குழந்தைக்கு மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். வாழ்நாள் பூரா தலைவலி.”

“கண்ணைப் பத்தி நீங்க சொன்னா கேட்டுக்கறேன். படிப்பைப் பத்தி…”

“கண்ணையும்தான் பாரேன். எங்க வக்கீலம்மாவுக்கு எத்தனை வருஷமா அதே பவர்! பூதக்கண்ணாடி மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியுதுங்க இந்தக் காலத்துப் பிள்ளைங்க. இவளுக்கு ஒரு பொட்டுகூட ஏறலையே. ஏன்? ஆரம்பத்துலயே சரியா பிடிச்சேன்.”

இதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு தாய்க்கும் எங்கள் மகளைக் காட்டி இதையே சொல்வார். அவளும் புத்தகத்திலிருந்து முகத்தை எடுத்து, ஒருமுறை சிரித்து, மறுபடி புத்தகத்துக்குள் போய்விடுவாள். எந்நேரமும் புத்தகம். மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்கு. “கொஞ்சம் தள்ளி வெச்சுப் படிடி” என்று நான் சொல்லாத நாள் கிடையாது. கதைக்குள் குதித்துவிடப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு எங்கெங்கோ இருக்கும் நாடுகளின் நாவல்கள் பிடிக்கும். பனி பெய்யும் ஊர்களில் யாரோ கடிதத்துக்குக் காத்திருக்கும் கதைகள். சாப்பிடும்போது திடீரென்று, “அம்மா, ஒரு ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல மறதி வந்துட்டா, யார் யாருக்கு அம்மான்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?” என்பாள். “யாரு பாத்திரம் கழுவுறாளோ அவதான் அம்மா” என்பேன்.

மதிப்பெண்களும் அதையேதான் சொல்லின. வரலாற்றிலும் மொழியிலும் வகுப்பில் முதல். கணக்கிலும் இயற்பியலிலும் தலை தப்பினால் போதும் என்கிற நிலை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாங்கள் இருவரும் அசையவில்லை. இந்த வட்டாரத்தில் கலைப் பிரிவை ஒப்புக்கு வைத்திராமல், உண்மையாகவே நடத்துகிற பள்ளி செங்கல் பள்ளி ஒன்றுதான். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. வரலாற்று ஆசிரியை ஒருவர், பெற்றோரையும் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பேசுவாராம். பேசிப் பிடித்துப்போனால் இடம். மறுநாள் காலை எங்களை வரச்சொல்லியிருந்தார்கள்.

“பேசுறதுதானே?” என்றான் தம்பி கிளம்பும்போது. “அப்போ அந்த டீச்சர் பாவம்தான்.”

செங்கல் பள்ளி, பூச்சில்லாத செங்கல் சுவர்களோடு, பழைய தொழிற்சாலை மாதிரி இருந்தது. உயரமான ஜன்னல்கள், நடந்தால் எதிரொலிக்கும் நடைவழி. சுவரில் யார் முகமும் மாட்டியிருக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய வரைபடங்கள். மகள் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, கிட்டத்தட்ட மூக்கை உரசிக்கொண்டு, ஆறுகளின் பெயர்களை முணுமுணுத்தாள். என் கணவர் என்னை இடித்து, “பாரு, சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கா” என்றார்.

வரலாற்று ஆசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். நரையை மறைக்கவில்லை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதைத் தேடி மேசையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“தலையில இருக்கு டீச்சர்” என்றாள் மகள்.

“நல்லது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிட்டே” என்று அவர் சிரித்தார்.

எனக்கு அவரைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மகளுக்கும்தான். அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஏதேதோ பேசினார்கள். ராஜாக்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பெயர் ஏன் எங்கேயும் இல்லை, தோற்றுப்போனவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் என்ன கதை சொல்லியிருப்பார்கள் என்றெல்லாம். என் கணவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு எங்களை ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். நீளமான அறை. முன்சுவரில் கரும்பலகைக்குப் பக்கத்தில் பெரிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று.

“இங்க வர்ற எல்லாப் பிள்ளைங்கிட்டயும் இதைத்தான் கேப்பேன். கடைசி பெஞ்சுல போய் உட்காரு. அவசரமே இல்லை. அந்தப் படத்தைப் பாரு. அதுல என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லு.”

நாங்களும் பின்னால், மகளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் படத்தைப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்றுபோன ஒரு ரயில். சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். பெட்டிகளின் கூரை முழுக்க மனிதர்கள். மூட்டைகளோடு, குடைகளோடு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி. இதைப் பற்றி எங்கள் வக்கீலம்மா நாள் முழுக்கப் பேசுவாளே என்று நினைத்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“ஒரு நீளமான மதில் டீச்சர்” என்றாள். “மதில்மேல துணி காயப்போட்டிருக்காங்க. நிறையத் துணி. கீழ வெயில் தரையில பளபளன்னு இருக்கு. மத்தபடி ஒருத்தரும் இல்லை.”

ஆசிரியையின் முகம் மாறியது.

“ஒருத்தருமே இல்லையா?”

“இல்லை. எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க. ஏதோ அவசரம். துணியை எடுக்கக்கூட நேரமில்லாம போயிருக்காங்க. ஒரு ஊர் காலியாகும்போது கடைசியா மிஞ்சுறது துணிதான்னு நினைக்கிறேன். அது அவங்க உடம்பு மாதிரியே காத்துல ஆடிக்கிட்டிருக்கும்.”

ஆசிரியை கைதட்டினார். உண்மையாகவே தட்டினார்.

“இந்த ரயில்ல எத்தனை பேருன்னு எண்ணிச் சொன்ன பிள்ளைங்க இருக்காங்க. அழுத பிள்ளைங்க இருக்காங்க. இத்தனை பேரையும் பார்த்துட்டு, இவங்க எல்லாம் இப்ப இல்லைன்னு சொன்ன முதல் பொண்ணு நீதாம்மா. கூரையில இருக்கிறவங்களை வெறும் துணியா பாக்குறதுக்கு… எனக்கே தோணலையே!”

ரயில் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மகளின் தோள் லேசாக விறைத்ததை நான் பார்த்தேன்.

என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் மகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு விரலால் கண்ணாடியின் ஓரத்தை மேலே தூக்கிச் சாய்த்து, இமைகளைக் கீற்றாக இடுக்கிக்கொண்டு படத்தையே பார்த்தாள். இந்த முகத்தை எனக்குத் தெரியும். பவர் போதாமல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், நாற்காலியில் உட்காரும் முன்பே, பலகையை இந்த முகத்தோடுதான் பார்ப்பார்கள். திரையின் இடுக்கு வழியாக வருஷக்கணக்கில் பார்த்த முகம். அதை இப்போது என் மகளிடம் பார்த்தேன்.

இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, என்னையும் அறியாமல், என் கணவரின் தந்திரம் என் வாயில் வந்தது.

“ஓரத்துல ஒரு குட்டிக் குழந்தை கையை ஆட்டுதே, அதைப் பாத்தியாடி?”

“பாத்தேன்ம்மா” என்றாள் மகள் உடனே. “பாவமா இருக்கு.”

படத்தில் அப்படி ஒரு குழந்தை கிடையாது.

ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். நான் ஏதோ உளறிவிட்டேன் என்று நினைத்து, நாகரிகமாக விட்டுவிட்டார் போலிருக்கிறது. “ஒரே ஒரு இடம்தான் மிச்சம்” என்றார். “இன்னொரு பிள்ளையும் காத்துக்கிட்டிருக்கு. ஆனா எனக்கு இவதான் வேணும். இப்பவே சொல்லிட்டா சந்தோஷம்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு டீச்சர்…” என்று என் கணவர் எழுந்தார்.

“சாயங்காலம் சொல்றோம்” என்றேன் நான்.

மூவரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். “ஆபீஸ் மூடுறதுக்குள்ள ஃபோன் பண்ணிடுங்க” என்றார் ஆசிரியை. அவர் குரலில் இருந்த சூடு குறைந்துபோயிருந்தது.

பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கியதும்தான் வெடித்தார். “உனக்கு என்ன ஆச்சு? கையில வந்த இடத்தை யாராவது அப்புறம் பாத்துக்கலாம்னு வைப்பாங்களா? உன் தம்பி ஏதாவது ஓதினானா?”

“கடையைத் திறங்க. சொல்றேன்.”

“என்னம்மா? நான் சரியா பேசலையா?” என்றாள் மகள்.

உள்ளே போனதும் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். “கண்ணாடியோடவே, பலகையைப் படி.”

அவள் படித்தாள். மேலிருந்து கீழ்வரை, தங்குதடையில்லாமல், கடைசி வரியின் கடைசி எழுத்துவரை.

“போதுமா?” என்றார் அவர். “ஊர்க்கண்ணெல்லாம் பாக்குறவன் வீட்டுல…”

நான் பலகையின் விளக்கை அணைத்தேன். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், தடித்த பேனாவால் எனக்குத் தோன்றிய எழுத்துகளை அதே அளவுகளில் எழுதி, பலகையின் மேலேயே ஒட்டினேன். அவசரமாக எழுதியதால் எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. கூரை விளக்கு நன்றாகவே எரிந்தது.

“இதைப் படி.”

முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்த வரியில் ஒன்றைச் சொன்னாள், தப்பாக. பிறகு கண்ணாடியைத் தூக்கிச் சாய்த்தாள்.

“தாள் ஆடுது” என்றார் அவர். அவர் போய்த் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இப்ப படிம்மா.”

“தெரியலப்பா.”

“மூணாவது வரி. எவ்வளவு பெரிசா இருக்கு!”

“வரி இருக்கிறது தெரியுது. எழுத்து தெரியல.”

அவர் தாளைப் பிடித்தபடியே நின்றார். கையை எடுக்க மறந்துவிட்டார். எங்கள் கடையில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டித்தான் அவளை வளர்த்தோம். அவள் முதலில் கற்றுக்கொண்ட எழுத்துகள் பலகையின் எழுத்துகள். வரிசை மாறாமல் மழலையில் ஒப்பிப்பாள். வாடிக்கையாளர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதே பலகையை வைத்துக்கொண்டு அவளுடைய கண்ணைச் சோதித்தோம். வருஷா வருஷம் சோதித்தோம். இதை வேறு யாராவது செய்திருந்தால் அறிவு கெட்டவர்கள் என்று சொல்லியிருப்பேன்.

“சரி, பலகை மனப்பாடம்” என்றார் அவர் மெதுவாக. “வில்லையை மாத்தி மாத்திக் கேட்டேனே? அதுக்குக்கூடச் சரியா பதில் சொன்னியே?”

“உங்க குரல்லயே தெரியும்பா. பழைய பவரைப் போடும்போது ‘இதுவா’ன்னு கொஞ்சம் இழுப்பீங்க. அதையே திரும்பப் போடும்போது துடைப்பீங்க. துடைச்சா ரெண்டும் ஒண்ணு.”

“ஏன்டி சொல்லல?” என்றேன் நான். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

“முதல் தடவை பவர் ஏறினப்ப அப்பா சாப்பிடவே இல்லை. அதுக்கு அடுத்த தடவை, ஏறலைன்னு சொன்னேன். அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க. அப்புறம்…” அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்புறம் எனக்கே அது பொய்யின்னு மறந்து போச்சும்மா. தூரம்னா எல்லாருக்கும் இப்படித்தான் கலங்கி இருக்கும்னு நினைச்சேன். புத்தகம் பளிச்சுன்னுதானே இருந்துச்சு.”

அவர் வந்து, சோதனைக்கான கனத்த வட்டச் சட்டத்தை அவள் முகத்தில் மாட்டினார். வில்லைகளைச் செருகினார். இந்த முறை அவர் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் என் தாளைக் காட்டினார், அவள் படித்தாள், நான் புதிதாகத் தாள் எழுதி ஒட்டினேன். வில்லைகள் ஏறிக்கொண்டே போயின. அவர் நெற்றியில் வியர்வை. ஒரு கட்டத்தில் அவர் பெட்டியில் கையை விட்டுவிட்டு, எடுக்கப் பயந்தவர்போல நின்றார். எடுத்தார். போட்டார். அவள் கடைசி வரியைப் படித்தாள்.

எந்த வில்லையில் நின்றது என்று பார்த்தேன். அந்தப் பவர் கண்ணாடியை நான் யாருக்காவது தேய்க்கும்போது, பாவம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம்.

மகள் அந்தச் சட்டத்தோடு எழுந்து வாசலுக்குப் போனாள். இயந்திர மனுஷி மாதிரி இருந்தாள். தெருவைப் பார்த்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மரத்துல இலை தனித்தனியா இருக்கு!”

நாங்களும் அவள் பின்னால் போய் நின்றோம்.

“எதிர்ல சைக்கிள் கடைக்காரர்… அவர் என்னைப் பாத்துச் சிரிக்கிறார்ம்மா. எப்பவுமே சிரிப்பாரா?”

“தினமும்தான்.”

“நான் ஒருநாள்கூடத் திருப்பிச் சிரிச்சதே இல்லையே. திமிர் பிடிச்சவன்னு நினைச்சிருப்பாரே.” அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். முகத்தில் அத்தனை இரும்பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் கையாட்டுவதைக் கண்ட சைக்கிள் கடைக்காரர், ஒரு நொடி திகைத்து, பிறகு அவரும் கையை ஆட்டினார்.

அப்போதுதான் என் கணவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை.

“வகுப்புல எங்க உட்காருவ?”

“கடைசி பெஞ்சு. உயரமா இருக்கேன்ல.”

“போர்டு தெரியுமா?”

“இல்லை.”

“அப்போ கணக்கு எப்படிப் படிச்ச?”

“கணக்கு சார் பேசவேமாட்டார்பா. முதுகைக் காட்டிக்கிட்டு எழுதிக்கிட்டே போவார். பக்கத்துல இருக்கிறவளைப் பாத்து எழுதுவேன். அவளும் தப்பாத்தான் எழுதுவா. வரலாற்று மிஸ் எழுதவேமாட்டாங்க. பேசுவாங்க. கண்ணை மூடிக்கிட்டுக்கூடக் கேக்கலாம்…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டாள். சட்டத்துக்குள் அவள் கண்கள் விரிந்து, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தன.

அவர் போய்ச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“இவ தலை புத்தகத்துக்குன்னு உண்டானதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே” என்றார். “ஒரு குழந்தைக்குப் போர்டு தெரியல. அவ்வளவுதான் விஷயம். அதைப் போயி…” ஃபோனை எடுத்தார். “மாப்ளகிட்ட பேசுறேன். பெரிய பள்ளிக்கூடத்துல இடம் இருக்குன்னான். புதுக் கண்ணாடியோட முதல்லேர்ந்து…” எண்ணை அழுத்தாமல் மறுபடி மேசையில் வைத்துவிட்டார். “இல்லை. அந்த டீச்சர் கைதட்டினாங்க. அதுவும் நிஜம்தானே? வர்றோம்னு சொல்லிடுவோம். இந்தக் கண்ணு விஷயம் வீட்டோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா கடையில எவன் காலடி வைப்பான்?”

“முதல்ல நாளைக்கு ஒரு கண் டாக்டர்கிட்ட போவோம்” என்றேன். “அதுக்கப்புறம் மத்ததெல்லாம்.”

“நாளைக்கா? ஆபீஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல மூடிடும். இன்னைக்கு என்ன சொல்றது? எதையாவது சொல்லு! இதுவா அதுவா?”

எனக்கும் தெரியவில்லை. புத்தகத்தை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவள் கதைக்குள் மூழ்கியிருந்த மாலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அது ஆசையா, அல்லது அந்த ஒரு சாண் தூரத்தில்தான் உலகம் அவளுக்குத் தெளிவாக இருந்ததா? பனி பெய்யும் ஊர்களை அவள் விரும்பியது எதனால்? என் மகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தது எல்லாம் பிடிமானம் இல்லாமல் நின்றது. திரைக்குப் பின்னால் போய், இருப்பிலிருந்து அந்தப் பவர் வில்லைகளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அதையாவது செய்யத் தெரிந்திருந்தது. இயந்திரச் சத்தத்தில் வெளியே அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

தேய்த்து முடித்து, அவளுடைய பழைய ஃப்ரேமிலேயே பொருத்தி எடுத்து வந்தேன். ஓரங்கள் தடிமனாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். தள்ளி நின்று, மறுபடி பார்த்தாள்.

“அம்மா, நீ அழுதியா? இவ்வளவு தூரத்துலேர்ந்தே தெரியுது.”

பிறகு அப்பாவின் பக்கம் போய் மேசையிலிருந்த ஃபோனை எடுத்தாள்.

“வர்றோம்னு மட்டும் சொல்லு, போதும்” என்றார் அவர். “வேற எதுவும் வேண்டாம்டா, கண்ணு.”

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணை இடுக்காமல், கண்ணாடியைச் சாய்க்காமல், நேராக. எண்ணை அழுத்தினாள். மணி போகும் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டது. பிறகு ஆசிரியையின் குரல், என்ன சொல்கிறது என்று தெரியாமல், உற்சாகமாகக் கேட்டது.

“டீச்சர், நான்தான், காலையில வந்தேனே. துணி காயுதுன்னு சொன்ன பொண்ணு. நான் ஒண்ணு சொல்லணும். நான் அதை யோசிச்சுச் சொல்லல டீச்சர். எனக்கு அங்கேருந்து ரயிலே தெரியல. மனுஷங்களும் தெரியல. கண்ணாடி தப்பா இருந்துச்சு… இல்ல, கடைமேல தப்பில்ல, நான்தான் பலகையைப் பாக்காம மனப்பாடமா ஒப்பிச்சுட்டேன்.”

என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“எனக்கு உங்க பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா பிடிச்சதுனால பிடிச்சிருக்கா, போர்டு தெரியாததுனால பிடிச்சிருக்கான்னு எனக்கே தெரியல. இதுவரைக்கும் ஒரு கணக்கையும் நான் முழுசா பாத்ததே இல்ல டீச்சர். உங்க பள்ளிக்கூடத்துலயும் கணக்கு வகுப்பு நடக்கும்ல? என்னை ஒரே ஒருநாள் அதுல கடைசி பெஞ்சுல உட்கார விடுவீங்களா? பாத்துட்டு நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் குடுக்காம வெச்சிருப்பீங்களா டீச்சர்?”